"நான் அப்பவே சொன்னேன்ல?"

போன வாரம் டீக்கடைல எனக்கும் என் நண்பனுக்கும் சண்டை. கை கலப்பு இல்ல, வாய்ச் சண்டைதான். ஆனா வீட்டுக்கு வந்தும் அடங்கல. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

பேச்சு எப்படியோ ஃப்யூரி - உசிக் பாக்ஸிங் ஆட்டம் பக்கம் போச்சு. 2024 மே 18, ரியாத். ஹெவிவெயிட் பட்டம் மொத்தமும் ஒரே ஆள் கைக்குப் போன ராத்திரி. (அதுக்கு முன்னாடி அப்படி நடந்தது 1999 நவம்பர்ல, லெனாக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்டை ஜெயிச்சப்ப. கிட்டத்தட்ட இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு!)

நண்பன் டீயை உறிஞ்சிக்கிட்டே சொல்றான், "உசிக்தான் ஜெயிப்பான்னு நான் அப்பவே சொன்னேன்லடா?"

எங்க சொன்ன? எப்ப சொன்ன?

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆட்டம் அறிவிச்சதுக்கும் நடந்ததுக்கும் நடுவுல இருந்த எட்டு மாசத்துல அவன் ஒரு அஞ்சு தடவை கட்சி மாறினான். நானும் மாறினேன். எங்க வாட்ஸப் குழுவுல இருக்குற அத்தனை பேரும் மாறினாங்க. ஆனா இன்னிக்கு யாரைக் கேட்டாலும், "உசிக்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" அப்படிங்கறாங்க.

என்கிட்ட ஒரு ஆதாரம் இருக்கு. பால் கணக்கு எழுதுற நோட்டோட கடைசிப் பக்கங்கள். அந்தச் சண்டை அறிவிச்சதுல இருந்து, ஒவ்வொரு தடவை என் மனசு மாறினப்பவும் தேதி போட்டு ஒரு வரி எழுதி வச்சிருக்கேன். அன்னிக்கு ராத்திரி அதை எடுத்துப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்.

வாங்க, சேர்ந்து படிப்போம்.

முதல் வரி. 2023 செப்டம்பர் கடைசி. "ஃப்யூரி. சந்தேகமே இல்ல."

ஏன் அப்படி எழுதினேன்? ஆளைப் பாருங்க. டைசன் ஃப்யூரி ஆறடி ஒம்பது அங்குலம். உசிக் ஆறடி மூணு. கை நீளத்துல ஏழு அங்குலம் வித்தியாசம். (ஏழு அங்குலம்னா நம்ம மணிக்கட்டுல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். அவ்வளவு தூரம் தள்ளி நின்னே அடிக்கலாம்.)

அதோட ஃப்யூரி மேல எனக்கு ஒரு தனிப் பாசம். அதை மறைக்க விரும்பல. 2015ல ஜெர்மனிக்கே போய் கிளிச்கோவை ஜெயிச்ச ஆளு. பதினோரு வருஷமா யாராலயும் தொட முடியாம இருந்தவர் கிளிச்கோ. அதுக்கப்புறம் ஃப்யூரி மன அழுத்தத்துல விழுந்து, குடிச்சு, உடம்பு பெருத்து, ரெண்டரை வருஷம் ரிங் பக்கமே வரல. திரும்பி வந்து 2018 டிசம்பர்ல வைல்டரோட மோதுறார். பன்னெண்டாவது ரவுண்டுல வைல்டர் அடிச்ச அடியில மல்லாக்க விழுந்தார். முடிஞ்சதுன்னே நினைச்சேன். ரெஃப்ரி எண்ணி முடிக்கறதுக்குள்ள எழுந்து நின்னார் பாருங்க... அந்தக் காட்சியை இன்னிக்குப் பாத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அந்த ஆட்டம் டிரா. அடுத்த ரெண்டு ஆட்டத்துலயும் வைல்டரை நாக் அவுட் பண்ணினார்.

இன்னொரு பக்கம் உசிக்கைப் பத்தி அப்ப என்ன பேச்சு? 2023 ஆகஸ்ட்ல போலந்துல டூபுவாவோட நடந்த ஆட்டத்துல, இடுப்புப் பட்டி ஓரமா ஒரு குத்து வாங்கிக் கீழ விழுந்தார். ரெஃப்ரி அது தப்பான அடின்னு சொல்லி, அவருக்கு மூச்சு வாங்க நேரம் குடுத்தார். பாதிப் பேர், "அது சரியான அடிதான், உசிக் வயித்துல வாங்குனா தாங்க மாட்டான்"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒம்பதாவது ரவுண்டுல டூபுவாவை அதே உசிக் நாக் அவுட் பண்ணினது யார் வாயிலயும் வரல.

நானும் அதை மறந்துட்டேன்.

ரெண்டாவது வரி. அக்டோபர் 29. "உசிக்."

ஒரே மாசம்!

என்ன ஆச்சுன்னா, அக்டோபர் 28 ராத்திரி ஃப்யூரி ரியாத்ல ஃப்ரான்சிஸ் இங்கானுவோட மோதினார். இங்கானு கேமரூன்காரர். சின்ன வயசுல மணல் குவாரியில வேலை பாத்து, அங்கிருந்து மேல வந்து யுஎஃப்சி (உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) சாம்பியன் ஆனவர். மரியாதைக்குரிய மனுஷன். ஆனா தொழில்முறை பாக்ஸிங்ல அது அவரோட முதல் ஆட்டம். அந்த முதல் ஆட்டத்துலயே, மூணாவது ரவுண்டுல, இடது ஹூக் ஒண்ணு விட்டு ஃப்யூரியைக் கீழ தள்ளிட்டார். பத்து ரவுண்டு முடிஞ்சு ஃப்யூரி ஜெயிச்சதா அறிவிச்சாங்க. மூணு நடுவர்ல ஒருத்தர் இங்கானு பக்கம்.

எங்க குழுவுல அன்னிக்கு ஒரே சத்தம். "ஃப்யூரி முடிஞ்சான்." "வயசாயிடுச்சு." "வைல்டர் அடிச்ச அடியெல்லாம் இப்பதான் தெரியுது."

கவனிச்சீங்களா? இதுல உசிக் என்ன பண்ணினார்? ஒண்ணுமே பண்ணல. வீட்டுல இருந்தார். ஆனா அவர் ஜெயிக்கற வாய்ப்பு எங்க மனசுல ஒரே ராத்திரில ரெண்டு மடங்கு ஆயிடுச்சு.

மூணாவது வரி. 2024 பிப்ரவரி 3. "தெரியல. ஃப்யூரி பயப்படறாரோ?"

சண்டை முதல்ல பிப்ரவரி 17க்கு வச்சிருந்தாங்க. ரெண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியில ஃப்யூரிக்கு வலது கண்ணு மேல வெட்டு. தையல் போட்டாங்க. ஆட்டம் மே 18க்குத் தள்ளிப் போச்சு.

உடனே கதை. "வேணும்னே வெட்டிக்கிட்டான்." "உடம்பு குறையல, அதான் நேரம் வாங்கறான்." ரத்தம் வடியற முகத்தைப் பாத்துட்டு இப்படிப் பேசினாங்க. எனக்கு அது பிடிக்கல. ஆனா நோட்டுல என் கையெழுத்துலயே "பயப்படறாரோ"ன்னு இருக்கே! யாரோ பேசினது என் பேனாவுக்குள்ள வந்துடுச்சு.

(இங்க ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும்.)

எங்க சித்தப்பா ராயபுரத்துக்காரர். துறைமுகத்துல வேலை. சின்ன வயசுல கிளவுஸ் மாட்டினவர். 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சி ஆட்டம் ஆடினப்ப கேலரியில உக்காந்து பாத்தவர். அதைப் பத்திச் சொல்லும்போது அவர் கண்ணு இன்னும் மின்னும்.

வெட்டுக் காயம் பத்தி அவருக்கு போன் பண்ணினேன். "சித்தப்பா, ஆட்டத்தைத் தள்ளி வச்சுட்டாங்க."

"ஃபோர்மேனுக்கும் இப்படித்தாண்டா ஆச்சு" அப்படின்னார்.

உண்மைதான். 1974, கின்ஷாசா. அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கும் செப்டம்பர் 25ல ஆட்டம். ஒம்பது நாள் முன்னாடி பயிற்சியில ஃபோர்மேனுக்குக் கண்ணு மேல வெட்டு. அக்டோபர் 30க்குத் தள்ளிப் போச்சு. அப்ப ஃபோர்மேனுக்கு 25 வயசு. நாப்பது ஆட்டம் ஆடி நாப்பதும் ஜெயிச்சவர். அதுல 37 நாக் அவுட். அலியைத் தோக்கடிச்ச ஃப்ரேஸியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ தள்ளினவர். அலியோட தாடையை உடைச்ச நார்ட்டனையும் ரெண்டே ரவுண்டுல முடிச்சவர். அலிக்கு 32.

"துறைமுகத்துல எல்லாரும் அலிக்காகக் கவலைப்பட்டோம்டா. ஜெயிக்கணும்னு யாரும் வேண்டிக்கல. உசுரோட வரட்டும்னு வேண்டிக்கிட்டோம். எட்டாவது ரவுண்டுல ஃபோர்மேன் விழுந்துட்டான்னு சேதி வந்துச்சு பாரு... மறுநாளே அத்தனை பேரும், அலி கயித்துல சாஞ்சு அவனைக் களைப்பாக்குவான்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு சொன்னாங்க."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "கை பேசற வரைக்கும் வாய் பேசிட்டுதாண்டா இருக்கும்."

அந்த வரியையும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

நாலாவது வரி. மார்ச் 9. "உசிக். அடிச்சுச் சொல்றேன்."

மார்ச் 8ல ஆந்தனி ஜோஷுவா அதே இங்கானுவை ரெண்டாவது ரவுண்டுல நாக் அவுட் பண்ணிட்டார். பாக்கவே பயமா இருந்துச்சு.

உடனே கணக்கு போட்டோம். ஃப்யூரி திணறின ஆளை ஜோஷுவா தூக்கிப் போட்டார். அந்த ஜோஷுவாவை உசிக் ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கார் (2021ல லண்டன், 2022ல ஜெட்டா). அப்ப உசிக் ஃப்யூரியை ஜெயிப்பார். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி அழகா வருதுல்ல?

பாக்ஸிங்ல இந்தக் கணக்கு நிக்காது. இப்ப சொன்ன ஃபோர்மேன் கதையே சாட்சி. அலி ஃப்ரேஸியர்கிட்ட தோத்தார், ஃப்ரேஸியர் ஃபோர்மேன்கிட்ட தோத்தார், ஃபோர்மேன் அலிகிட்ட தோத்தார். வட்டமா சுத்துது. ஒருத்தரோட பாணி இன்னொருத்தருக்கு ஒத்து வருதா, அன்னிக்கு உடம்பு எப்படி, மனசு எப்படி... எல்லாமே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் நான் "அடிச்சுச் சொல்றேன்"னு எழுதியிருக்கேன்.

அஞ்சாவது வரி. மே 17. "ஃப்யூரி!! உடம்பைப் பாத்தீங்களா!"

ஆச்சரியக்குறி ரெண்டு.

அந்த வாரம் முழுக்கப் பரபரப்பு. திங்கக்கிழமை ஃப்யூரியோட அப்பா, உசிக் கூட வந்த ஒருத்தரை நெத்தியால முட்டிட்டார். ரத்தம் வந்தது அப்பாவுக்கே. "ஃப்யூரி முகாமே பதட்டத்துல இருக்கு, உசிக்தான்"னு குழு ஒரு பக்கம் சாஞ்சுது. வியாழக்கிழமை பத்திரிகையாளர் சந்திப்புல ரெண்டு பேரையும் முகத்துக்கு முகம் நிறுத்தினாங்க. ஃப்யூரி உசிக் கண்ணைப் பாக்கவே மாட்டேன்னுட்டார். "பயம்"ன்னு ஒருத்தர். "இல்ல, ஒதுக்கித் தள்றான்"னு ஒருத்தர். ஒரே முகம், ரெண்டு அர்த்தம்.

வெள்ளிக்கிழமை எடை பாத்தாங்க. ஃப்யூரி 262 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 119 கிலோ. இங்கானு ஆட்டத்தை விட ஏழு கிலோ கம்மி. வயிறு உள்ள போயி, தோள் எழும்பி, ஆளே புதுசா இருந்தார். உசிக் 101 கிலோ சொச்சம். (முதல்ல பத்து பவுண்டு கூட அறிவிச்சு, அப்புறம் திருத்தினாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, "உசிக் இவ்வளவு எடை ஏத்திட்டாரே, கால் ஓடுமா?"ன்னு ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு. தப்பா சொன்ன ஒரு எண்ணுக்காக!)

வயித்தைப் பாத்துதான் நான் மறுபடியும் ஃப்யூரி பக்கம் தாவினேன். சத்தியமா வேற காரணம் நோட்டுல இல்ல.

அப்புறம் ஆட்டம்.

நம்ம ஊர் நேரத்துக்கு விடியக்காலை மூணரை மணி வாக்குல ரெண்டு பேரும் ரிங்குக்கு வந்தாங்க. ஃபேனை நிறுத்திட்டு, சத்தத்தைக் குறைச்சு வச்சு, தரையில உக்காந்து பாத்தேன்.

முதல் மூணு ரவுண்டு உசிக் உள்ள புகுந்து புகுந்து அடிக்கறார். மனசு அவர் பக்கம். நாலாவதுல இருந்து ஃப்யூரி பிடிச்சுக்கிட்டார். வயித்துல குத்து, கீழ இருந்து வர்ற அப்பர்கட். ஆறாவது ரவுண்டுல ஒரு அப்பர்கட் பட்டு உசிக் தடுமாறினார். "முடிஞ்சுது"ன்னு சொல்லி எழுந்தே நின்னுட்டேன். எட்டாவதுல உசிக்கோட இடது கை ஃப்யூரி மூக்கைப் பதம் பாத்துச்சு. ஒம்பதாவது ரவுண்டுல ஃப்யூரி கால் பின்ன ஆரம்பிச்சு, ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு அப்படியே அலைஞ்சார். கயிறுதான் அவரை விழாம பிடிச்சு நிறுத்துச்சு. ரெஃப்ரி மார்க் நெல்சன் நடுவுல வந்து எண்ண ஆரம்பிச்சார். எண்ணி முடிச்ச கையோட மணி அடிச்சுட்டாங்க.

எட்டு மாசத்துல நாலு தடவை மாறின என் மனசு, அந்த ஒரு மணி நேரத்துலயே நாலு தடவை மாறுச்சு.

முடிவு? ஒரு நடுவர் 115-112 உசிக். இன்னொருத்தர் 114-113 ஃப்யூரி. மூணாமவர் 114-113 உசிக்.

இப்ப என் நண்பனுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். அந்த ஒம்பதாவது ரவுண்டு எண்ணிக்கைக்காக ஃப்யூரிக்கு ஒரு புள்ளி கூடுதலா போச்சு. அந்த ஒரு புள்ளியை மூணு பேர் கணக்குலயும் திருப்பிச் சேத்துப் பாருங்க. ஒருத்தர் 115-113 உசிக், ஒருத்தர் 115-113 ஃப்யூரி, ஒருத்தர் 114-114. மொத்தத்துல ஆட்டம் டிரா!

அவ்வளவு நெருக்கமான சண்டை அது. அதைப் போய் "எனக்கு அப்பவே தெரியும்"னு சொன்னா, ரிங்குக்குள்ள ரத்தம் சிந்தின ரெண்டு பேருக்கும் அது மரியாதை இல்ல. ஆளுக்கு முப்பத்தாறு நிமிஷம் உசுரைக் குடுத்துத் தேடின விடை அது. நம்ம கையில முன்கூட்டியே இருந்துச்சுன்னு சொல்லலாமா?

நோட்டை மூடி வச்சுட்டு யோசிச்சேன். என் மனசை மாத்தினது என்னென்ன? கடைசியாப் பாத்த ஆட்டம். ஒரு வயிறு. ஒரு பார்வை. மூணாவது ஆள் ஒருத்தரோட குத்து. யாரோ கிளப்பிவிட்ட ஒரு கதை.

ஒரு தடவை கூட நான் எழுதாதது என்ன தெரியுமா? உசிக் எங்கெங்க போய் ஜெயிச்சவர்ங்கற பட்டியல். லண்டன் 2012 ஒலிம்பிக் தங்கம். அப்புறம் குரூஸர்வெயிட்ல, போலந்துக்காரர் குளோவாட்ஸ்கியைப் போலந்துல. ஹுக்கை பெர்லின்ல. பிரீடிஸை அவர் ஊர் ரீகாவுல. 2018 ஜூலைல காசியேவை மாஸ்கோவுல ஜெயிச்சு நாலு பெல்ட்டும் தூக்கினார். பெல்யூவை இங்கிலாந்துல. அடுத்தவன் வீட்டுக்குள்ள போயி, அடுத்தவன் கூட்டத்துக்கு நடுவுல, அமைதியா ஜெயிச்சுட்டு வர்றதுதான் அவர் தொழிலே. 2022ல ஊர்ல போர் வந்தப்ப துப்பாக்கி எடுத்து கீவ்ல நின்ன மனுஷன். ஏழு அங்குலக் கை நீளத்துக்கா பயப்படுவார்?

இதெல்லாம் முதல் நாளே எனக்குத் தெரியும். எட்டு மாசமும் அப்படியே இருந்த விஷயங்கள். மாறாததாலயே என் கண்ணுல படல. புதுசா வர்றது மட்டும்தான் பட்டுச்சு.

சரி, பாடம் கத்துக்கிட்டேனான்னு கேப்பீங்க. 2024 டிசம்பர் 21, மறு ஆட்டம். ஃப்யூரி 127 கிலோவுக்கு மேல ஏத்திக்கிட்டு வந்தார். உசிக்கை விட 25 கிலோ ஜாஸ்தி. இந்தத் தடவை பதினோரு நிமிஷத்துக்கு மேல உசிக் கண்ணையே பாத்து நின்னார். குழுவுல, "இந்த எடையில சாஞ்சா உசிக் நசுங்கிடுவான்"னு ஒரே பேச்சு. நான் நோட்டுல ஒரே ஒரு வரி எழுதினேன். "உசிக். பத்துக்கு ஆறு." அதோட நோட்டை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். மூணு நடுவரும் 116-112ன்னு உசிக்குக் குடுத்தாங்க.

சரியா சொன்னேங்கற சந்தோஷத்தை விட, ஒரு வாரம் நிம்மதியா இருந்தேன் பாருங்க, அது பெரிய சந்தோஷம்.

இன்னொண்ணு. அபிப்பிராயம் மாறுறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. மாறணும். 1964ல லிஸ்டன் - கிளே ஆட்டத்துக்கு முன்னாடி 46 பத்திரிகைக்காரங்கள்ல 43 பேர் லிஸ்டன்தான்னு சொன்னாங்க. ஆனா ஜெயிச்சது கிளே. அந்தக் கிளேதான் அப்புறம் முகமது அலி. 1990ல டோக்கியோவுல மைக் டைசனோட மோதின பஸ்டர் டக்ளஸுக்கு பந்தயக்காரங்க குடுத்த மதிப்பு 42க்கு 1. ஆட்டத்துக்கு மூணு வாரம் முன்னாடிதான் டக்ளஸோட அம்மா இறந்திருந்தாங்க. அவர் பத்தாவது ரவுண்டுல டைசனைக் கீழ தள்ளினார். அன்னிக்கு கொஞ்சம் பேராவது மனசை மாத்திக்கிட்டு அவரை ஒழுங்காப் பாத்திருக்கலாம்.

மாறினதை மறைக்கறதுதான் எனக்குப் பிடிக்கல.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பெரிய ஹெவிவெயிட் சண்டை அறிவிச்ச அன்னிக்கே ஒரு நோட்டு எடுங்க. தேதி போடுங்க. யாரு, ஏன், பத்துக்கு எத்தனை உறுதி... ஒரு வரி போதும். மனசு மாறினா அடிக்காதீங்க, கீழ இன்னொரு வரி எழுதுங்க. ஆட்டம் முடிஞ்ச மறுநாள் காலைல முதல் வரியில இருந்து படிங்க.

என் நண்பனுக்கும் நேத்து ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்துட்டேன்.